மூன்றரை வருட டார்ச்சும் தேவனாம்பட்டினம் உப்புக் காற்றும்

முத்தியால்பேட்டையில் இருக்கும் நண்பன் நேற்று ராத்திரி போன் செய்தான். "நீ வெச்சிருக்கிற அதே டார்ச் ஐந்நூறு ரூபாய் குறைஞ்சிருக்குடா, வாங்கிடட்டுமா?" என்றான். அன்று காலையில்தான் அதன் பின்மூடி ஸ்பிரிங்கை மாற்றி, ஈயம் வைத்து வாங்கி வந்திருந்தேன். மூன்றரை வருடத்தில் இது இரண்டாவது ஸ்பிரிங். அந்த எரிச்சலில் போனில் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

வெளிச்சம் எவ்வளவு, எத்தனை மீட்டர் அடிக்கும் என்பதெல்லாம் அட்டைப் பெட்டியிலேயே இருக்கிறது. என் பேச்சு முழுக்க பேட்டரியையும் அது தொடும் இடங்களையும் பற்றித்தான்.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி. ஜன்னல் கம்பியே வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் கேட்கும் ஊர். டார்ச்சின் குழாய் அலுமினியம், ஸ்பிரிங்குக்கு நிக்கல் பூச்சு. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் இறங்கினால் அரிப்பு வேகமாகும். குழாயின் விளிம்பில் வெள்ளையாக மாவு பூத்துவிடும். அப்புறம் பட்டனை அழுத்தினால் வெளிச்சம் துடிக்கும், மங்கும், தட்டினால் வரும். உள்ளே இருக்கும் பேட்டரி செல் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். செல்லில் ஒரு குறையும் இல்லை.

ஆரம்பத்தில் இரண்டு தப்பு செய்தேன். மரையில் தேங்காய் எண்ணெய் தடவினேன். அதில் மணல் ஒட்டி மரை நறநறவென்று அரைபட்டது. செல்லின் அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். பளபளப்பானது, ஆனால் மேல் இருந்த நிக்கல் பூச்சு போய், ஒரே மழைக்காலத்தில் கீழே இருக்கும் இரும்பு துருப்பிடித்தது. முதுநகரில் மொபைல் பழுது பார்க்கும் அண்ணன்தான் திட்டிவிட்டு வழி சொன்னார். சீக்கிரம் உலர்ந்துவிடும் ஐசோபிரப்பைல் ஆல்கஹால் என்ற துடைக்கும் திரவத்தில் பஞ்சுக்குச்சியை நனைத்து செல்லின் இரு முனை, ஸ்பிரிங், குழாய் விளிம்பு மூன்றையும் துடைக்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே செல்லைப் போட வேண்டும். ரப்பர் வளையத்தில் மட்டும் துளி சிலிக்கான் கிரீஸ். பத்து நிமிட வேலை. ஆனால் இந்த ஊரில் அதை மாதம் ஒருமுறை செய்தாக வேண்டியிருக்கிறது. எனக்குக் கோபம் அதில்தான்.

இனி செல்லைப் பற்றி. 18650 வகை; 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். பழைய லேப்டாப் பேட்டரிகளுக்குள் இருப்பதும், 2019-இல் நம் நாட்டில் தடை செய்த மின்சிகரெட்டுகள் பலவற்றில் இருப்பதும் இதே செல்தான். இதன் உடம்பு முழுவதும் நெகட்டிவ். மேலே பாசிட்டிவ் பொத்தானைச் சுற்றி இருக்கும் தோள்பட்டைகூட நெகட்டிவ்தான். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன காப்பு வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் மட்டுமே. உறை கிழிந்தால் அப்படியே போடக் கூடாது. என்னுடையது ஓரத்தில் கிழிந்தபோது வளையத்தைச் சரியாக வைத்து, சூட்டில் சுருங்கும் புது உறை போட்டுத் தந்தார் அதே அண்ணன். உதிரி செல்லை சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடவே கூடாது; அவை பாசிட்டிவையும் நெகட்டிவையும் இணைத்தால் ஷார்ட் ஆகிச் சுட்டுவிடும். வெளிநாடுகளில் அப்படிப் போட்டுத் தொடை வெந்தவர்கள் உண்டு.

இவ்வளவு திட்டினாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை கரைபுரண்டு எங்கள் பக்கமும் தண்ணீர் வந்தது. கரண்ட் இல்லை. அந்த ராத்திரிகளில் குறைந்த வெளிச்சத்தில் வைத்த இந்த ஒரு டார்ச்தான் வீட்டுக்கு விளக்கு. அம்மா அதை அடுப்படியில் வெளிச்சம் மேலே பார்க்க நிமிர்த்தி வைத்துச் சமைத்தார். ஒரே சார்ஜில் மூன்று ராத்திரி தாங்கியது. அன்றைக்கு இதைக் கையில் பிடித்தபோது எனக்கு வந்த நிம்மதியை மறக்க மாட்டேன்.

செல் இன்னும் நன்றாக இருப்பதற்குப் பராமரிப்பும் காரணம். முழு சார்ஜ் என்றால் 4.2 வோல்ட். அப்படியே மாதக்கணக்கில் வெயில் படும் அலமாரியில் வைத்தால் சீக்கிரம் கிழடாகும். உபயோகிக்காத மாதங்களில் 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வைக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் முழுதாக ஏற்றுவேன்.

நண்பன் உதிரி செல்லும் பார்த்து வைத்திருக்கிறான், மேலே 9900 எம்ஏஎச் (செல் எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) என்று போட்டது. அது பொய். இந்த அளவு செல்லில் நல்ல கம்பெனி தயாரிப்பே பெரும்பாலும் 3500-ஐ ஒட்டித்தான் வரும். கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும்; நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்கும், போலி பெரும்பாலும் லேசாக இருக்கும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம்டா. உன் வீடும் கடல் பக்கம்தான். குழாய் விளிம்பை இப்படித் திறந்து விட்டிருக்கும் டார்ச்சை நம் ஊருக்கு வாங்கக் கூடாது. ஏற்கெனவே ஆர்டர் போட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா. புதுசாக இருக்கும்போதே துடைத்து கிரீஸ் போட்டுத் தருகிறேன், ஆல்கஹால் பாட்டில் பாதி இருக்கிறது.