வீட்டில் பைக் இன்ஜெக்டர் சோதனை: சில வருட அனுபவம்

எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரை, விட்டு விட்டு மின்சாரம் (பல்ஸ்) கொடுத்துத் திறந்து மூட வைக்கும் சின்ன பல்ஸ் பெட்டி ஒன்று, ஒலி அதிர்வால் அழுக்கை எடுக்கும் இரண்டு லிட்டர் அல்ட்ராசானிக் தொட்டி ஒன்று. இரண்டையும் சில வருடமாக வீட்டு ஷெட்டில் வைத்துப் பயன்படுத்துகிறேன். என் வண்டி, மச்சான் வண்டி, பக்கத்து வீட்டு வண்டி என்று வருவதெல்லாம் ஒற்றை சிலிண்டர் பைக்குகள்தான். விலையில் தொட்டி பெரியது. உபயோகத்தில் பெட்டிதான் பெரியது.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்து, பைக்குகளில் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பரவிய பிறகு, மிஸ்ஸிங் (எஞ்சின் விட்டு விட்டு ஓடுவது) என்றாலே "இன்ஜெக்டர் அடைச்சிருக்கு" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. என்னிடம் வந்த பல வண்டிகளில் இன்ஜெக்டர் நன்றாகவே இருந்தது. டேங்குக்குள் இருக்கும் பம்ப்பின் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் பேட்டரி தளர்ந்து பம்ப் ஒழுங்காகச் சுற்றாது. கழற்றிக் கழுவுவதற்கு முன்னால் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

முதலில் மல்டிமீட்டர். பெரும்பாலான பைக் இன்ஜெக்டர்களின் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) 12 ஓம் பக்கத்தில் காட்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். ஓப்பன், அதாவது உள்ளே கம்பி அறுந்தது என்று காட்டினால் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது ஓட்ட அளவு. நான்கு சிலிண்டர் காரில் நான்கு இன்ஜெக்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது குறைவாக ஊற்றுகிறது என்று பார்த்துவிடலாம். நமக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதனால் கழுவுவதற்கு முன் ஒரு அளவு, கழுவிய பின் ஒரு அளவு எடுத்து நோட்டில் எழுதி வைக்கிறேன். அழுத்தம், நேரம், பல்ஸ் மூன்றும் இரண்டு தடவையும் ஒன்றாக இருந்தால்தான் அந்த ஒப்பீடு செல்லும். கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் கழுவும் திரவம்) ஸ்ப்ரேயை நேராக இன்ஜெக்டரில் மாட்டிப் பார்க்கும் முறையில் இது நடக்காது. டப்பா காலியாகக் காலியாக அழுத்தம் இறங்கிவிடும். சென்னை புதுப்பேட்டையில் பைக் டேங்குக்குள் இருக்கும் பழைய பம்ப் மாட்யூல் ஒன்று வாங்கி 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுகிறேன். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதிலேயே இருப்பதால் அழுத்தம் 3 பார் அளவில் நிற்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை பெட்ரோல் கேட்கும். ஆக 3,000 ஆர்.பி.எம்.முக்கு விநாடிக்கு 25 பல்ஸ், 6,000-க்கு 50. பெட்டியை 25-இல் வைத்து அளவுக் குப்பியில் பிடித்தால் போதும்.

குப்பியில் எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட, விழும் விதம்தான் எனக்கு அதிகம் சொல்கிறது. நல்ல இன்ஜெக்டர் புகைபோலத் தூவும். அழுக்கேறியதில் ஒரு பக்கம் கம்பியாக நீளும். பல்ஸை நிறுத்தி அழுத்தத்தை மட்டும் அப்படியே வைத்து ஒரு நிமிடம் முனையைப் பார்ப்பேன். சொட்டினால், சூடான வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

சோதனைக்குப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். தூவும் பெட்ரோல், பக்கத்தில் பேட்டரி, கழன்று பொறி விடும் கிளிப்: மூன்றும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது. பெயின்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைன் ஊற்றுகிறேன். அதுவும் எரியும் சரக்குதான், மே மாதத் தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கவனம் வேண்டும். கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை.

தொட்டிக்கு வருவோம். வண்டியை அணைத்ததும் எஞ்சின் சூட்டில் முனையில் மிஞ்சிய பெட்ரோல் காய்ந்து பிசினாகப் படிகிறது. பக்கத்துத் தெரு வரை ஓட்டி நிறுத்தும் வண்டிகளில் இது அதிகம். அந்தப் பிசினை அல்ட்ராசானிக் நன்றாகவே எடுக்கிறது. முனை மட்டும் திரவத்தில் மூழ்க வேண்டும், கனெக்டர் நனையக் கூடாது. தொட்டி ஓடும்போது பெட்டியால் இன்ஜெக்டரைத் திறந்து மூடினால்தான் உள்பக்கமும் சுத்தமாகும். பல்ஸை விட்டு விட்டுக் கொடுங்கள். காயிலைக் குளிர வைப்பது உள்ளே ஓடும் பெட்ரோல்தான், இங்கே அது இல்லை. பேட்டரியை நேரடியாகக் கொடுத்து அப்படியே பிடித்தால் காயில் வெந்துவிடும்.

உழைப்பைப் பற்றிச் சொன்னால், பெட்டிக்குள் இருக்கும் போர்டு இன்றும் சரியாக இருக்கிறது. கூட வந்த கிளிப் ஒயர்கள் சீக்கிரமே அறுந்தன, நல்ல ஒயராக மாற்றிக்கொண்டேன். இன்ஜெக்டரை மாட்டும் அடாப்டரின் ரப்பர்கள் கார்ப் கிளீனர் பட்டு ஊதிப் போயின. பெட்ரோல் போன்ற திரவங்களைத் தாங்கும் விட்டான் ரப்பர் போட்ட பிறகு அந்தத் தொல்லை இல்லை. தொட்டியின் ஹீட்டர் மந்தம், வெந்நீர் ஊற்றி ஆரம்பிப்பது மேல்.

திரும்ப மாட்டும்போது இன்ஜெக்டரின் ஓ-ரிங்கை (கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) புதிதாகப் போட்டு, ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி அழுத்துங்கள். பழையதையே போட்டு அது கசிந்தால், பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் விழும்.

ஒரே ஒரு வண்டி வைத்திருப்பவருக்குத் தொட்டி தேவையில்லை. பெட்டி, மல்டிமீட்டர், அளவுக் குப்பி, பழைய பம்ப் இவை போதும். அளவு குறைந்தால் அன்றைக்குக் கடையில் கொடுத்துக் கழுவிக்கொள்ளலாம். கழுவிய பிறகும் சொட்டுகிற இன்ஜெக்டரை நான் திரும்ப மாட்டுவதில்லை.