ஆஸ்கருடன் யாரைக் குடிவைப்பது? சில்வர் டாலர், பிளெக்கோ, பிச்சிர், இன்னொரு சிக்லிட்

முரட்டு மீனுக்கு இன்னொரு முரட்டு மீன்தான் ஈடுகொடுக்கும் என்ற எண்ணம் ஆஸ்கர் போன்ற பெரிய சிக்லிட் குடும்ப மீன்களைத் தொட்டியில் வளர்ப்பவர்களிடம் பரவலாக இருக்கிறது. தொட்டிகளில் பல மீன்களின் உயிரை வாங்கியது இந்த எண்ணம்தான். சிக்லிட் பொதுவாகத் தன் உருவத்தையும் நிறத்தையும் ஒத்த மீனையே முதலில் தாக்கும். இடத்துக்கும் இணைக்கும் போட்டியாக வரக்கூடியது அதுதானே. உடல்வாகும் நீந்தும் மட்டமும் வேறாக இருக்கும் மீனை அது எளிதில் பொறுத்துக்கொள்ளும். இந்த அளவுகோலை வைத்தே துணைமீன்களை எடைபோடுகிறேன்.

உங்களிடம் இருப்பது எந்தச் சிக்லிட் என்பது முதல் கேள்வி. ஆஸ்கர் 30 செ.மீ. வரை வளர்ந்தாலும் அந்த உடலுக்குச் சாதுவான மீன். வாய்க்குள் அடங்குவதை விழுங்கும், அடங்காததோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். ரெட் டெவில், ஜாகுவார், ஃப்ளவர்ஹார்ன் ஆகியவை அப்படியல்ல. தொட்டி முழுவதும் தன்னுடையது என்று நினைப்பவை. அவற்றைத் தனியாக வளர்ப்பதே நல்லது. தனிமையில் அவை வாடுவதில்லை.

இனி ஆஸ்கருக்கு வருவோம். நடுநீரில் நீந்துவதற்குச் சில்வர் டாலரும் டின்ஃபாயில் பார்பும் போட்டியிடுகின்றன. இரண்டும் கூட்டமாக வாழ்பவை, வேகமானவை. சில்வர் டாலர் பிரானாவின் உறவினமாக இருந்தும் செடிகளையே விரும்பித் தின்னும். தட்டுப்போன்ற அதன் உயரமான உடலை விழுங்குவது கடினம். ஏறக்குறைய 15 செ.மீ. வளர்வதால் ஆறு மீன்களைச் சேர்த்து வைக்கலாம். இன்னொரு பயனும் உண்டு: தலைக்கு மேல் ஒரு கூட்டம் அமைதியாக நீந்தினால், ஆபத்து இல்லை என்று உணர்ந்து பதுங்கியிருக்கும் சிக்லிட்டும் வெளியே வரும். டின்ஃபாயில் பார்ப் 30 செ.மீ.யைத் தாண்டும், தீனியைப் பறிப்பதில் ஆஸ்கரையே முந்திவிடும். ஆயிரம் லிட்டருக்குக் குறைந்த தொட்டிக்கு அது வேண்டாம். என் தேர்வு சில்வர் டாலர்தான். ஆனால் சிறு குஞ்சுகளாக வாங்கிப் பெரிய ஆஸ்கரிடம் விடாதீர்கள், அவை இரையாகிவிடும். மிரண்டால் துள்ளும் மீன் என்பதால் மூடியும் தேவை. செடிகளை மறந்துவிடலாம், ஆஸ்கர் எப்படியும் அவற்றைப் பிடுங்கி எறிந்துவிடும்.

அடித்தளத்துக்கு, சக்கர் மீன் என்று பலரும் அழைக்கும் பிளெக்கோவும் பிச்சிரும். பிளெக்கோவின் எலும்புத் தகடுகள் கவசம்போல நிற்கின்றன, கடிபட்டாலும் தாங்கும். ஆனால் அது தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்குவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. கண்ணாடியில் படியும் பாசியை ஓரளவு சுரண்டும், அவ்வளவுதான். ஆஸ்கரின் கழிவை அது தின்னாது. தானும் ஏராளமாகக் கழிவிட்டு வடிகட்டியின் சுமையைக் கூட்டும். பட்டினி கிடந்தால் இரவில் ஆஸ்கரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மேல்தோலின் வழவழப்பைச் சுரண்டவும் கூடும். விளக்கணைத்த பிறகு அதற்கென்று காய்கறித் துண்டோ, அடியில் மூழ்கும் தீனியோ போட வேண்டும். உள்ளே ஒரு மரத்துண்டும் இருக்கட்டும். குட்டிப் பிளெக்கோவைச் சேர்க்கவே கூடாது. விழுங்கப்படும்போது அது முட்களை விரிக்கும். ஆஸ்கரின் தொண்டையில் சிக்கினால் இரண்டும் சாகலாம்.

பிச்சிர் எனக்கு மிகவும் பிடித்த மீன். கடினமான செதில்கள், மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் பழக்கம், பாம்புபோன்ற உடல் என்று சிக்லிட்டுக்குப் போட்டியாகத் தோன்றாத உருவம். சிக்கல் உணவு நேரத்தில்தான். பார்வை மங்கிய பிச்சிர் மோப்பம் பிடித்து வந்து சேர்வதற்குள் ஆஸ்கர் எல்லாவற்றையும் முடித்துவிடும். இரவில் தனியாகத் தீனி போடும் பொறுமை இருந்தால் பிச்சிர். இல்லையென்றால் வளர்ந்த பிளெக்கோ.

இன்னொரு சிக்லிட்டுதான் வேண்டும் என்றால், செவரம் ஒன்றையே சொல்வேன். ஆஸ்கரைப் போலவே தென் அமெரிக்க மீன், இரண்டுக்கும் ஏற்ற நீர் ஒன்றே, சுபாவமும் மிதமானது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்டுகளுக்குக் கடினமான காரநீரும் வேறு உணவும் வேண்டும், அவற்றைக் கலக்காதீர்கள். எந்தச் சிக்லிட்டாக இருந்தாலும், இணைசேர்ந்து முட்டையிட்டுவிட்டால் நேற்றுவரை இருந்த சமாதானம் குலையலாம்.

துணைமீன்களை முதலில் குடியேற்றி, முரட்டு மீனைக் கடைசியில் விடுங்கள். அது ஏற்கெனவே உள்ளே இருந்தால், கற்களையும் மரத்துண்டுகளையும் இடம்மாற்றி அதன் எல்லைக்கோட்டைக் கலைத்த பிறகு புதியவற்றை விடுங்கள். முதல் சில நாட்கள் கூர்ந்து பாருங்கள். கிழிந்த துடுப்போடு ஒரு மீன் மேல்மூலையில் ஒண்டி நின்றால் காத்திருக்க வேண்டாம், அன்றே பிரித்துவிடுங்கள். தடுப்புப் பலகையோ மாற்றுத் தொட்டியோ கையில் இல்லாமல் துணைமீன் வாங்கக் கிளம்பாதீர்கள்.