தரங்கம்பாடி: கோட்டைக்கு ஒரு மணி நேரம், தெருவுக்கு இரண்டு மணி நேரம்

வெள்ளிக்கிழமை போகாதீர்கள். வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் திருக்கடையூரில் மணிவிழாவோ சதாபிஷேகமோ முடித்துவிட்டு, "ஏழெட்டு கிலோமீட்டர்தானே, ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்" என்று வேனைத் திருப்புகிறவர்கள். நாள் நட்சத்திரம் பார்த்து வெள்ளிக்கிழமையில் விழா வைத்திருப்பார்கள். டேனிஷ் கோட்டை அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை அதே வெள்ளிக்கிழமை. மூடிய கதவுக்கு முன்னால் குடும்பப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

அடுத்த தப்பு நேரம். ஓமம், கலசாபிஷேகம், சாப்பாடு எல்லாம் முடிந்து இங்கே வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. கோட்டைக்கு முன்னால் இருக்கும் திடலில் ஒதுங்க நிழல் கிடையாது, மணல் சுடும். அந்த நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டால் முதலில் கோட்டைக்குள் போய்விடுங்கள்; கடற்கரையையும் தெருக்களையும் நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். தடித்த செங்கல் சுவரும் வளைவுக் கூரையும் உள்ள கீழ்த்தளம் மதியத்திலும் குளுகுளுவென்று இருக்கும். காலையிலேயே வர முடிந்தவர்கள் இதைத் தலைகீழாகச் செய்யலாம்: ஏழு மணிக்குத் தெரு, பத்து மணிக்குக் கோட்டை. படம் எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கோட்டையின் முதன்மைக் கட்டடம் கடலைப் பார்த்து நிற்பதால் கடல்முகத்தில் காலை வெயில் விழும். திடல் பக்கத்துக்குச் சாயங்கால வெயில்தான் எடுப்பு.

இனி கோட்டை. டான்ஸ்போர்க் என்பது டேனியர் வைத்த பெயர். 1616இல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியான் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார். ஓவே கியெத்தே என்ற கடற்படைத் தளபதி 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு கோட்டை வேலையை ஆரம்பித்தார். இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845இல் ஆங்கிலேயர் இந்த ஊரை விலைக்கு வாங்கினார்கள். அதன் பிறகு 1860 வரை தஞ்சை மாவட்டக் கலெக்டரின் தலைமையிடமே இங்கேதான் இருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கோட்டைக்கு வந்த கதி வேறு: சுதந்திரத்துக்குப் பிறகும் 1978 வரை அது அரசுப் பயணியர் விடுதி. பிறகுதான் மாநிலத் தொல்லியல் துறையின் கைக்கு வந்தது.

கோட்டை என்றதும் செஞ்சியையோ வேலூரையோ மனசில் வைத்துக்கொண்டு வந்தால் ஏமாற்றம்தான். இது சரக்குக் கிடங்கைக் காவல் காக்கக் கட்டிய கோட்டை. கடல் பக்கம் கிட்டத்தட்ட 60 மீட்டர் நீளம், அவ்வளவுதான். கீழ்த்தளத்தில் கிடங்கு, வெடிமருந்து, சமையல். மேல்தளத்தில் ஆளுநர், மூத்த வணிகர், பாதிரியார் ஆகியோரின் அறைகள். மதிலின் உட்புறத்தை ஒட்டிச் சிப்பாய்களின் அறைகளும் சிறையும் வரிசையாக இருந்தன. அதில் தெற்கு வரிசை தப்பியது. மேற்கும் வடக்கும் சிதைந்தன. அகழியும் தூக்குப்பாலமும் இருந்த சுவடே இல்லை.

அருங்காட்சியகம் சிறியது. பீங்கான், கண்ணாடிப் பொருட்கள், சீனத் தேயிலை ஜாடிகள், மாக்கல் விளக்குகள், சுடுமண் பொருட்கள், சுதை உருவங்கள், வாள், ஈட்டி, துப்பாக்கி, பீரங்கிக் குண்டுகள், டேனிஷ் கையெழுத்துப் படிகள், ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுப் பகுதி. பிள்ளைகள் திமிங்கிலத்தையும் பீரங்கிக் குண்டையும் விட்டு நகர மாட்டார்கள். பெரியவர்கள் நிற்க வேண்டிய இடம் தேயிலை ஜாடி. டேனியர் கோட்டையில் சீனச் சாமானுக்கு என்ன வேலை? 1732க்குப் பிறகு டேனிஷ் ஆசியக் கம்பெனிக்கு லாபம் கொட்டியது சீனாவின் காண்டன் துறைமுகத்துத் தேயிலை வியாபாரத்தில்தான். அந்த ஜாடியின் பின்னால் உள்ள கடல்வழியை மனதில் வைத்துப் பார்த்தால் அலமாரியில் இருக்கும் மற்ற உடைசல்களும் பேச ஆரம்பிக்கும். இல்லையென்றால் பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். நுழைவுக் கட்டணம் சொற்பம், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போய் நிற்க வேண்டாம்.

சுவரையும் கொஞ்சம் கவனியுங்கள். 2000களின் தொடக்கத்தில் டென்மார்க் ஆர்வலர்களின் உதவியோடு பழுது பார்த்த கட்டடம் இது. அப்படியும் சுண்ணாம்புப் பூச்சு ஏன் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது? உப்புதான். கடல்காற்றின் ஈரத்தோடு உப்பும் செங்கல்லுக்குள் இறங்குகிறது. வெயிலில் ஈரம் காய, உப்பு உள்ளேயே படிகமாகிப் பருத்துப் பூச்சை வெளியே தள்ளுகிறது. இதற்குச் சிமெண்ட் பூசினால் இன்னும் மோசம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் விடாது. பூச்சு நின்றுவிடும், உள்ளே செங்கல் மாவாகும். ஊருக்குள் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடுதான். பிள்ளைகள் சுவரைச் சுரண்டினால் தடுத்துவிடுங்கள். விரல் பட்டாலே கையோடு வந்துவிடும்.

ஆனால் இந்த ஊரில் காசு கொடுக்காமல் பார்ப்பதுதான் பெரிய அருங்காட்சியகம். மேற்கே 1792ஆம் ஆண்டின் நகர வாயில். அதற்குள் நுழைந்தால் கிங்ஸ் தெரு நேராகக் கோட்டைத் திடலுக்கும் கடலுக்கும் கொண்டுபோய் விடும். வேனிலேயே கோட்டை வரை போய் இறங்குகிறவர்கள் கோட்டைவிடுவது இந்தத் தெருவைத்தான். வாயிலிலேயே இறங்கிக்கொண்டு, ஓட்டுநரைத் திடலுக்குப் போய் நிற்கச் சொல்லுங்கள்.

நடக்கும்போது ஒரே ஒரு சூட்சுமம் தெரிந்தால் போதும், வழிகாட்டி தேவையில்லை. டேனிஷ் அரசர்கள் கிறிஸ்டியான், பிரெடெரிக் என்று இரண்டே பெயரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவர்கள். கட்டடத்திலும் காசிலும் பெயரின் ரோமன் முதலெழுத்தும் (C அல்லது F) எண்ணும் சேர்ந்த முத்திரை, மேலே ஒரு கிரீடம். சி5 என்றால் 1670 முதல் 1699 வரை. எஃப்4 என்றால் 1730 வரை, சி6 1746 வரை, எஃப்5 1766 வரை, சி7 1808 வரை. இதைக் கைபேசியில் குறித்து வைத்துக்கொண்டு புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பைப் பாருங்கள்: நான்காம் பிரெடெரிக்கின் முத்திரை. ஆலயம் கட்டிய ஆண்டு 1718, கணக்கு சரியாக வருகிறதா? தரங்கம்பாடிச் செப்புக் காசு எங்கேயாவது கண்ணில் பட்டாலும் இதே வாய்ப்பாடுதான்.

அந்த ஆலயத்துக்குள்தான் சீகன்பால்குவின் கல்லறை. 1706 ஜூலை 9 அன்று இங்கே கரையிறங்கி, 1719இல் முப்பத்தாறு வயதில் இறந்த ஜெர்மானியப் பாதிரியார், இங்கே தமிழ் அச்சகம் நடத்தியவர். இவர் கட்டிய முதல் ஆலயம் கடலோடு போனது. அதனால்தான் இதன் பெயரில் "புதிய". அதே தெருவில் இருக்கும் சீயோன் ஆலயம் 1701ஆம் ஆண்டைச் சேர்ந்தது, டேனியர் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. இரண்டுமே வழிபாடு நடக்கும் இடங்கள். ஞாயிறு காலை சுற்றிப் பார்க்கும் நேரம் அல்ல. மற்ற நாளில் கதவு சாத்தியிருந்தால் பக்கத்தில் கேளுங்கள்.

அட்மிரல் தெருவில் சீகன்பால்கு வாழ்ந்த வீடும் இப்போது அருங்காட்சியகம். அச்சுத் தொழிலில் ஆர்வம் உள்ளவர்கள் கோட்டையை விட இங்கே கூடுதல் நேரம் ஒதுக்கலாம். தமிழ் அச்சு இங்கேதான் பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்; 1578இலேயே கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து 1713இல் வந்த தமிழ் எழுத்துகள் அளவில் பெரியவை, காகிதத்தைத் தின்றன. அதனால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1714இல் நான்கு நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் முழுப் புதிய ஏற்பாடும் வெளிவந்தன. அப்படியும் காகிதம் போதாமல் பொறையாறுக்குப் பக்கத்தில் காகிதப் பட்டறையே போட்டார்கள். பட்டறை போய்விட்டது, கடுதாசிப்பட்டறை என்ற ஊர்ப்பெயர் மட்டும் நிற்கிறது.

திடலை ஒட்டி 1784ஆம் ஆண்டின் ஆளுநர் மாளிகை. வெளியிலிருந்து தூண்களைப் பார்த்தாலே போதும். அங்கிருந்து வடக்கே கரையோரமாகப் போனால் மாசிலாமணிநாதர் கோயில். டேனியர் கதையோடு திரும்பிவிடுகிறவர்கள் தவறவிடுவது இதை. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306 வாக்கில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே இது பட்டினம். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. இப்போது கருங்கல் கொட்டி அலையைத் தடுத்திருக்கிறார்கள். அந்தக் கற்களில் பாசி வழுக்கும். செருப்போடு ஏறிச் செல்ஃபி எடுப்பது வேண்டாம். குளிப்பதற்கும் இந்தக் கரை ஏற்றதல்ல.

"ஓசோன் நிறைந்த கடற்காற்று" என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள், ஆழமாக இழுத்து மூச்சு விடச் சொல்வார்கள். கடல் வாடை என்பது பெரும்பாலும் நுண்ணுயிர்கள் வெளியிடும் கந்தகச் சேர்மம். மூச்சில் போகும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல்தான். காற்று நன்றாக இருக்கிறது, அது போதாதா?

மயிலாடுதுறையிலிருந்து ரயில் இல்லை. 1926இல் போட்ட தரங்கம்பாடிப் பாதையை 1986இல் மூடிவிட்டார்கள். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பொறையாறு, காரைக்கால் போகும் பேருந்துதான், சுமார் 30 கிலோமீட்டர். ஏறும்போதே "தரங்கம்பாடி ஊருக்குள்ளே நிக்குமா" என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். தொலைதூர வண்டிகள் நான்குவழிச் சாலையில் இறக்கிவிட்டால் வெயிலில் நடை நீளும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அந்தப் பதினொரு நாளும் இந்தச் சாலையில் பேருந்தில் கால் வைக்க இடம் இருக்காது, நடந்து போகிறவர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். தண்ணீர் பாட்டிலைப் பேருந்து ஏறும் இடத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வயிறார மதியச் சாப்பாடு வேண்டுமென்றால் திருக்கடையூரிலேயே முடித்துவிடுவது நல்லது, அல்லது தெற்கே 15 கிலோமீட்டரில் காரைக்கால்.