எல்லை கடந்த கட்சிகள்: உறுப்பினரின் வாக்கு எதுவரை செல்லும்?

ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் பெயரளவில்தான் ஒரே தேர்தல். நடப்பதோ 27 நாடுகளில், அந்தந்த நாட்டுச் சட்டப்படி. ஜெர்மனியில் வேட்பாளர் பட்டியலை முடிவு செய்ய, அங்கே வாக்குரிமை உள்ள உறுப்பினர்களோ அவர்கள் அனுப்பும் பேராளர்களோ கூடி ரகசிய வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். நெதர்லாந்தில் சட்டம் அவ்வளவு கெடுபிடி காட்டுவதில்லை. அங்குள்ள அரசியல்வாதி வில்டர்ஸின் சுதந்திரக் கட்சியில் அவர் ஒருவரே உறுப்பினராக இருந்து காலம் தள்ள முடிந்தது. எனவே “எல்லா நாட்டு உறுப்பினரும் சேர்ந்து முடிவெடுக்கிறோம்” என்று ஒரு கட்சி சொன்னால், அந்த முடிவு வேட்பாளர் பட்டியலைத் தொடுமா என்பதுதான் முதல் கேள்வி.

வாசலை அகலமாகத் திறந்து பார்த்தது ஐரோப்பிய பசுமைக் கட்சி. 2013 நவம்பர் முதல் 2014 ஜனவரி வரை இணையவழி முன்தேர்தல் நடத்தியது. கட்சி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. 16 வயது நிரம்பி, ஐரோப்பிய ஒன்றியத்தில் வசித்து, பசுமைக் கொள்கைகளை ஏற்பதாகச் சொன்னால் போதும். சரிபார்ப்புக்கு மின்னஞ்சலும் கைபேசி எண்ணும். நான்கு பேர் போட்டியிட்டார்கள். ஸ்கா கெல்லரும் ஜோசே போவேயும் வென்றார்கள். வாக்களித்தவர்கள் 22,676 பேர். ஒரு நடுத்தர நகராட்சியில்கூட இதைவிட அதிகம் பேர் வாக்களிப்பார்கள்.

எங்கே பிசகியது? வென்றவர்களுக்குக் கிடைத்தது ‘முன்னணி வேட்பாளர்’ என்ற பட்டம் மட்டுமே; அதாவது, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் பதவிக்குக் கட்சி முன்னிறுத்தும் முகம். ஆணையத் தலைவரை முன்மொழிவது நாட்டுத் தலைவர்களின் ஐரோப்பிய கவுன்சில். நாட்டுவாரிப் பட்டியலில் யாருக்கு எந்த இடம் என்பது உள்நாட்டுக் கட்சிகளின் கையில். கடைசியில் எதையும் மாற்றாத வாக்குக்கு எவர் மெனக்கெடுவார்? 2018இல் பசுமைக் கட்சி பேராளர் வாக்குக்கே திரும்பியது. ஐரோப்பிய மக்கள் கட்சி அந்த வழியை விட்டு விலகவே இல்லை: அதே ஆண்டு ஹெல்சிங்கியில் முன்னணி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த பேராளர்கள் வெபருக்கு 492, ஸ்டப்புக்கு 127 வாக்கு அளித்தார்கள். அத்தனை பெரும்பான்மையோடு வந்த வெபரும் ஆணையத் தலைவர் ஆகவில்லை.

டியெம்25 என்ற பல நாட்டு இயக்கம் வேறு பாதை. 2016 பிப்ரவரியில் பெர்லினில் கிரேக்கத்தின் முன்னாள் நிதியமைச்சர் வாரூஃபாகிஸ் தொடங்கியது. கட்டணமில்லை, வேறு கட்சியில் இருப்பவரும் சேரலாம். பெரிய முடிவுகளுக்கு அனைத்து உறுப்பினரின் இணைய வாக்கெடுப்பு. அன்றாட ஒப்புதலுக்கு, குலுக்கல் முறையில் எடுத்த 100 பேர் கொண்ட அவை. குலுக்கல் நல்ல யோசனைதான், கோஷ்டி சேர்ப்பதைக் கடினமாக்கும். ஆனால் அந்த அவை ஆம், இல்லை என்றுதான் சொல்லும்; கேள்வியை எழுதுவது ஒருங்கிணைப்புக் குழு. அதோடு ஒரு நாட்டுத் தேர்தல் விஷயத்தில் பிற நாட்டினரும் வாக்களிக்கும்போது, தெருவில் இறங்கி வேலை செய்பவருக்கும் திரையில் ஒரு சொடுக்கு போடுபவருக்கும் ஒரே எடை. 2019 ஐரோப்பியத் தேர்தலில் ஓரிடமும் கிடைக்கவில்லை. கிரேக்கத்தில் மட்டும் அதே ஆண்டு ஜூலையில் அதன் உள்நாட்டுக் கட்சியான மேரா25 அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குள் 9 பேரை அனுப்பியது.

2017இல் தொடங்கிய வோல்ட் இதற்கு நேர் எதிர். மேலே ஐரோப்பிய அமைப்பு, கீழே ஒவ்வொரு நாட்டிலும் சட்டப்படி பதிவான கட்சி. கொள்கை பொதுவில் முடிவாகும், வேட்பாளர் அந்தந்த நாட்டில். கட்டணம் உண்டு, காகித வேலை அதிகம். ஆனாலும் உறுப்பினரின் வாக்கு இங்கே நிஜமாகவே ஒரு முடிவைத் தொட்டது: 2019இல் ஒரே ஒரு இடம் வென்றதும், ஒத்த கருத்துள்ள கட்சிகளின் உறுப்பினர்கள் சேர்ந்து இயங்கும் நாடாளுமன்றக் குழுக்களில் எதில் சேர்வது என்பதை உறுப்பினர்களிடமே விட்டார்கள். பசுமைக் குழு தேர்வானது. 2024இலும் கேட்டார்கள், அதே குழுதான். குறை இல்லாமல் இல்லை. கூட்டு வேலை பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஓடுவதால், அதில் சரளமாகப் பேசும் படித்த இளைஞர்களின் குரலே ஓங்கும்.

வாக்கு வேட்பாளரையும் குழுவையும் தொட வேண்டும் என்பவருக்கு வோல்ட். திட்ட அறிக்கையில் ஒரு வரி மாற்றினால் போதும் என்பவருக்கு டியெம்25 வசதி.

வோல்டின் முறை எளிதில் பரவாததற்குப் பணமும் காரணம். பொது நிதி கிடைக்க ஐரோப்பியக் கட்சியாகப் பதிவாக வேண்டும். அதற்கு நான்கில் ஒரு பங்கு உறுப்பு நாடுகளில், அதாவது ஏழு நாடுகளில், மக்கள் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அல்லது ஐரோப்பியத் தேர்தலில் அத்தனை நாடுகளிலும் 3 சதவீத வாக்கு வேண்டும். 2024இல் வோல்ட் வென்ற 5 இடங்களும் ஜெர்மனி, நெதர்லாந்து என இரண்டே நாடுகளில். பதிவானவற்றுக்கான பொது நிதியில் 90 சதவீதம் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கைப்படி பிரிகிறது. அதைப் பெறுபவை பெரும்பாலும் உள்நாட்டுக் கட்சிகளின் கூட்டமைப்புகள். தனி உறுப்பினர்களை வாக்கோடு சேர்த்துக்கொள்ள அவற்றுக்கு எந்த அவசரமும் இல்லை.