டிக்கர் டைமரும் தள்ளுவண்டியும்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

விசை, பொருண்மை, முடுக்கம் ஆகிய மூன்றின் தொடர்பைப் மலேசியாவின் படிவம் 4 (பதினாறு வயது) மாணவர்களுக்குக் காட்ட, வண்டி இழுத்துச் செல்லும் காகித நாடாவில் சம கால இடைவெளியில் புள்ளியிடும் டிக்கர் டைமரும் மரச் சாய்தளமும் தள்ளுவண்டிகளும் ரப்பர் கயிறுகளும் அடங்கிய பழைய செட்டை வாங்கலாமா என்று, கோலாலம்பூரின் செந்தூலில் டியூஷன் வகுப்பு தொடங்கவிருக்கும் நண்பர் கேட்டிருந்தார். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் என் வகுப்பில் இந்தச் செட் பல ஆண்டுகளாக உழைத்து வருகிறது. அண்மையில்தான் சாய்தளத்தின் பலகையை மாற்றினேன். டைமர் நொடிக்கு 50 புள்ளிகள் இடும், அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே 0.02 வினாடி என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்ததே. எனவே விற்பனைத் தாளில் காணக் கிடைக்காதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் மகிழ்ச்சி தந்தது நாடா. பத்துப் பத்து இடைவெளிகளாக, அதாவது 0.2 வினாடிக்கு ஒரு துண்டாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், துண்டுகளின் உச்சிகள் நேர்கோட்டில் ஏறுகின்றன. ஒரு கயிற்றால் இழுக்கும்போது துண்டுகள் 4, 6, 8, 10 செ.மீ. என நீண்டால் வேகம் நொடிக்கு 20, 30, 40, 50 செ.மீ.; ஆக முடுக்கம் 0.5 மீ/வி². ஒரே அளவு நீட்டிய இரண்டு கயிறுகளால் இழுத்தால் துண்டுக்குத் துண்டு ஏற்றம் 2 செ.மீ. அல்ல, 4 செ.மீ. விசை இரட்டித்ததும் முடுக்கம் இரட்டித்ததை மாணவர் தாமே வெட்டி ஒட்டிய காகிதத்தில் பார்க்கிறார்.

அதைவிடப் பெரிய பயனை நான் எதிர்பார்க்கவே இல்லை. கயிற்றின் நீட்டம் மாறாமல் இழுக்க வேண்டுமானால், இழுப்பவரின் கை வண்டியோடு சேர்ந்து மேலும் மேலும் விரைவாகப் போக வேண்டும். மாறாத விசை மாறாத வேகத்தைத் தரும் என்று நம்பி வரும் மாணவர், பலகையின் முடிவை எட்டும்போது கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருப்பார். நியூட்டன் 1687இல் வெளியிட்ட இரண்டாம் விதியை இத்தனை நேரடியாக உடலுக்கு உணர்த்தும் வேறு கருவியை நான் பயன்படுத்தியதில்லை.

இனி, என்னை விடாமல் எரிச்சலூட்டும் பகுதிக்கு வருகிறேன். உராய்வை ஈடுசெய்யப் பலகையின் ஒரு முனையை உயர்த்தி, மெல்லத் தள்ளிவிட்ட வண்டி சீரான இடைவெளியில் புள்ளிகளை இடும்வரை சாய்வைத் திருத்த வேண்டும். பினாங்கின் ஈரக் காற்றில் மரப்பலகை நடுவில் தொய்ந்துவிடுகிறது. தொய்ந்த பலகையில் மேற்பாதி அதிகச் சாய்வாகவும் கீழ்ப்பாதி தட்டையாகவும் இருப்பதால், புள்ளிகள் முதலில் விலகிப் பிறகு நெருங்குகின்றன. எந்தச் சாய்வு வைத்தாலும் முழு நாடாவும் சீராக வருவதில்லை. பலகையை மாற்றியதும் இந்தக் குறை நீங்கியது. ஆனால் இன்னொரு குறை பலகையைச் சார்ந்ததே அல்ல.

சாய்வு தரும் இழுப்பும் சக்கரங்களின் உராய்வும் வண்டியின் எடையோடு கூடும். நாடா டைமருக்குள் உரசிச் செல்லும் தடையோ எடை கூடினாலும் அப்படியே இருக்கும். ஒரு வண்டிக்கென்று வைத்த சாய்வு, வண்டியின் மேல் வண்டியை அடுக்கியதும் அளவுக்கு மீறிய சாய்வாகிவிடுகிறது. ஒரு வண்டியின் பொருண்மை 1 கிலோ, இழுவிசை 0.5 நியூட்டன், நாடாவின் தடை 0.05 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வண்டிகளுக்கு முடுக்கம் 0.25 மீ/வி² வர வேண்டிய இடத்தில் 0.275 வரும், மூன்று வண்டிகளுக்கு 0.167 வர வேண்டிய இடத்தில் 0.2 வரும். பிழை 10 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக வளர்கிறது, அதுவும் எப்போதும் ஒரே திசையில். கவனமாக உழைத்த மாணவரின் வரைபடம், முடுக்கம் பொருண்மைக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்பதைக் காட்ட மறுக்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. செட்டோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கயிற்றை விட்டுவிட்டுக் கப்பியில் எடையைத் தொங்கவிடலாமே என்பார்கள். அப்போது தொங்கும் எடையும் சேர்ந்தே முடுக்கமடைகிறது: 1 கிலோ வண்டியை 0.1 கிலோ இழுத்தால் முடுக்கம் 0.98 அன்று, 0.89 மீ/வி². எடைக்கற்களை வண்டியிலிருந்து கொக்கிக்கு மாற்றி மொத்தப் பொருண்மையை மாறாமல் காத்தால்தான் கணக்கு நேராகும்.

நாடாவை இவ்வளவு பாராட்டிய பிறகும், இந்தச் செட்டை வாங்க வேண்டாம் என்பதே இன்று என் பதில். எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதித் தேர்வை நோக்கி ஓடும் வகுப்பில் ஒவ்வொரு முறையும் சாய்வைத் திருத்த நேரம் கிடைப்பதில்லை. வண்டி ஒளிக்கற்றையை மறைக்கும் நேரத்தை அளக்கும் ஃபோட்டோகேட்டில் நாடாவே இல்லாததால் இந்தத் தொல்லையும் இல்லை. விலை குறைவு என்பதற்காக வாங்கியே தீருவதானால் மரப்பலகையைத் தவிர்த்து அலுமினியத் தண்டவாளத்தைக் கேளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று வண்டிகளுக்கான சாய்வை, நாடாவை டைமரில் கோத்த நிலையிலேயே தனித்தனியாகத் திருத்தி, தண்டவாளத்தின் கீழ் வைக்க வேண்டிய அட்டைகளின் எண்ணிக்கையை அதன் பக்கவாட்டிலேயே எழுதிவிடுங்கள்.