விற்கும் வீட்டைக் காட்டுவதற்கு முன்: அப்படியே விடுவதா, சில்லறை வேலையா, முழு ரிப்பேரா?

சென்னையில் 15, 20 வருடப் பழைய ஃப்ளாட்டை விற்க முடிவு செய்தவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இருக்கிறபடியே காட்டி விலையில் விட்டுக்கொடுப்பது ஒன்று. ஒழுகல், பூச்சு, குழாய், விளக்கு என்று சில்லறை வேலைகளை முடித்துவிட்டுக் காட்டுவது இன்னொன்று. சமையலறையையும் குளியலறைகளையும் உடைத்துப் புதிதாக்கிக் காட்டுவது மூன்றாவது. ஃப்ளாட் என்றால் இரண்டாவது வழியே நல்லது என்பது எங்கள் முடிவு. ஆனால் அதிலும் தண்ணீர்தான் முதல் வேலை, பெயின்ட் கடைசி வேலை. பலர் இதைத் தலைகீழாகச் செய்து காசையும் வாங்க வந்த ஆளையும் இழக்கிறார்கள்.

அப்படியே விடுவது எங்கே சரி

மயிலாப்பூர், தி.நகர், மேற்கு மாம்பலம் மாதிரி இடங்களில் 40 வருடத் தனி வீட்டை வாங்க வருபவர் பெரும்பாலும் மனையைத்தான் வாங்குகிறார். கட்டடத்தை இடிப்பதாகவே அவர் கணக்கு இருக்கும். அங்கே சுவருக்குப் போடும் ஒவ்வொரு ரூபாயும் இடிபாட்டோடு போய்விடும். அதற்குப் பதிலாகச் செடிகொடிகளை வெட்டி, நான்கு மூலைக்கும் நடந்து போகும்படி வையுங்கள். மண்ணில் புதைந்த எல்லைக் கற்களைத் தோண்டி வெளியே தெரியச் செய்யுங்கள். முன்புறச் சாலையின் அகலத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு கட்டலாம் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. சர்வேயரை வைத்து மனையையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். பத்திரத்தில் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி இருந்து, தரையில் அதைவிடக் குறைவாக வந்தால், வாங்குபவருக்கு முன் அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஃப்ளாட்டில் இந்தக் கணக்கு எடுபடாது. படுக்கையறைச் சுவரில் உப்பு பூத்திருந்தால், அதன் மூலம் எங்கே என்று வருபவருக்குத் தெரியாது. தெரியாத செலவை மனிதர்கள் எப்போதும் பெரிதாகவே போட்டுக்கொள்வார்கள். குளியலறை டைல்ஸ் இடுக்கை அடைத்தால் தீர்ந்துபோகும் ஒரு விஷயத்துக்காக லட்சக்கணக்கில் குறைக்கக் கேட்பார்கள், அல்லது காரணம் சொல்லாமல் போய்விடுவார்கள்.

முழு ரிப்பேர் ஏன் பெரும்பாலும் வீண்

மாடுலர் கிச்சனுக்குச் சில லட்சங்கள் போட்டால், அந்தத் தொகை அப்படியே விலையில் ஏறாது. வாங்குபவருக்கு நிறம் பிடிக்காமல் போகலாம். அடுப்பு தென்கிழக்கில் இல்லையென்று மேடையையே மாற்ற நினைக்கலாம். வேலை முடியும்வரை வீட்டைக் காட்டவும் முடியாது. இன்னொன்று: பழைய கட்டடத்தில் ஒரு வீடு மட்டும் பளபளவென்று இருந்து, ஃபால்ஸ் சீலிங்கும் போட்டிருந்தால், மேலே எதை மறைக்கிறார்கள் என்ற சந்தேகம்தான் வரும். டாய்லெட் உடைந்து, புழங்கவே முடியாத நிலையில் குளியலறை இருந்தால் அதை மட்டும் முழுதாக மாற்றலாம். மற்றபடி வேண்டாம்.

சில்லறை வேலை: எந்த வரிசையில்

முதலில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். சந்தேகமான இடத்தில் ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் போகாமல் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் வியர்த்தால் அது அறைக் காற்றின் ஈரம்.

குளியலறைக்கு அடுத்த சுவர் என்றால், நானி ட்ராப்பை, அதாவது தரையில் தண்ணீர் இறங்கும் வடிகால் வாயை, துணியால் அடைத்து, தரையில் ஒன்றரை அங்குலம் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் வையுங்கள். கீழ்வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டு, அவர் வீட்டுச் சீலிங்கைப் பாருங்கள். அங்கே கசிந்தால் கோளாறு தரையிலோ ட்ராப்பைச் சுற்றியோ இருக்கிறது. தண்ணீரும் குறையாமல் கீழேயும் கசியாமல் சுவரில் மட்டும் ஈரம் இருந்தால், சுவருக்குள் ஓடும் குழாயையோ ஷவர் படும் பகுதியையோ சந்தேகிக்க வேண்டும். டைல்ஸ் இடுக்குதான் வழி என்றால், பழைய சிமென்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடுக்கு நன்றாகக் காய்ந்த பிறகு எபாக்ஸி க்ரௌட் என்ற தண்ணீர் புகாத இடுக்குக் கலவையை அடைக்க வேண்டும். ஈர இடுக்கில் அடைத்தால் பிடிக்காது. சில மாதங்களில் பெயர்ந்து வரும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரப் பகுதிகளில் பால்கனிச் சீலிங்கை அண்ணாந்து பாருங்கள், வருபவரும் பார்ப்பார். கம்பி துருப்பிடித்து ஊதி, காங்கிரீட்டைத் தள்ளியிருக்கும். மேலே சிமென்ட் பூசி மறைத்தால் மறுபடி விழும். தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைப்பதே சரி. கம்பி பாதியாக மெலிந்திருந்தால் கொத்தனார் போதாது, கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

இதெல்லாம் முடிந்து சுவர் காய்ந்த பிறகே பெயின்ட். ஈரச் சுவரில் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்தால், உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வரும்போது உப்பையும் கொண்டுவந்து பூச்சைப் பொரிய வைக்கும். அட்வான்ஸுக்கும் பத்திரப்பதிவுக்கும் நடுவில் அது வெடித்தால் பேரமே முறியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே கூடாது.

அளவு: 900 சதுர அடி கார்ப்பெட் பரப்பு, அதாவது சுவர்களுக்குள் புழங்கும் தரைப் பரப்பு, உள்ள வீட்டில் சுவரும் சீலிங்கும் சேர்ந்து அதைப் போல மூன்று மடங்கு, சுமார் 2,700 சதுர அடி வரும். ஒரு லிட்டர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு 100 முதல் 140 சதுர அடி போகும். ஒரு 20 லிட்டர் வாளியும் கூட ஒரு 4 லிட்டர் டப்பாவும் பொதுவாகப் போதும். ஹாலும் வாசலைப் பார்த்த அறையும் மட்டும் அடித்தாலே வீடு மாறித் தெரியும். வெளிர் நிறமாக இருக்கட்டும். ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள். பெயின்ட் வாடை அடிக்கும் வீட்டில் எதையோ மூடியிருக்கிறார்கள் என்றே தோன்றும்.

போர் தண்ணீர் குழாயில் விடும் வெள்ளைக் கறைக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். அதன் புகையிலேயே குரோமியப் பூச்சு கறுத்துவிடும், க்ரௌட்டும் அரிக்கும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்தால் போதும். மார்பிளில் மட்டும் வினிகர் படக்கூடாது. பல்புகளை ஒரே வெளிச்ச நிறத்துக்கு மாற்றுங்கள். ஓர் அறையில் மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் புது பெயின்ட்டும் அழுக்காகத் தெரியும்.

சரிசெய்ய முடியாததைச் சொல்லிவிட வேண்டும். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ தரைத்தள வீடு என்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்பார்கள். சுவர்க் கோட்டைப் பெயின்ட்டால் மறைத்தாலும் வாட்ச்மேன் சொல்லிவிடுவார். தனக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில் சொல்கிறது.

காலி வீடா, ஆள் இருக்கும் வீடா

காலி செய்தால் எந்நேரமும் காட்டலாம், சாவி கையில் இருக்கும். ஆனால் பீரோ நின்ற இடத்தின் நிழல், ஆணித் துளை, ஏ.சி. கழற்றிய தடம் எல்லாம் வெளியே வரும். அறைகளும் சின்னதாகத் தெரியும், கண்ணுக்கு அளவு வைக்க எதுவும் இல்லாததால். ஒரு படுக்கையறையில் கட்டிலும் ஹாலில் ஒரு சோபாவும் விட்டுவையுங்கள். பூட்டிய வீட்டில் இன்னொரு தொல்லை நாற்றம்: ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் வற்றியதும் சாக்கடைக் காற்றும் கரப்பானும் ஏறி வரும். வாரம் ஒருமுறை எல்லா ட்ராப்பிலும் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, ஃப்ளஷ்ஷை இழுத்துவிடுங்கள். ஈ.பி. இணைப்பைத் துண்டிக்க வேண்டாம்.

நீங்களே குடியிருந்தால் வீடு உயிரோடு இருக்கும், ஒழுங்காக வைத்திருந்தால் இதுவே நல்ல காட்சி. பரணிலும் பால்கனியிலும் அடைத்த சாமான்களை முன்பே அப்புறப்படுத்துங்கள். மீன் வறுவல், தாளிப்பு வாடையெல்லாம் அன்று காலை வேண்டாம். ஞாயிறு காலை 9 முதல் 11 வரை நல்ல நேரம். 12 முதல் 1.30 வரை எமகண்டம், மாலை 4.30 முதல் 6 வரை ராகுகாலம் என்று தவிர்ப்பவர்கள் உண்டு. மேற்குப் பார்த்த அறை பிற்பகலில் அனலாகவும் இருக்கும்.

வாடகைக்கு ஆள் இருப்பதுதான் கடினமானது. அவர் ஒத்துழைக்கக் காரணமே இல்லை. முதல் நாளே சொல்லி, வாரத்தில் ஒரே நேரத்துக்குள் எல்லாரையும் வரவழைத்து, அட்வான்ஸ் எந்தத் தேதியில் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். பணம் உறுதியானால் வாசலில் முகம் கொடுத்துப் பேசுவார். வருபவர் தண்ணீர், பக்கத்து வீடு, வாட்ச்மேன் பற்றியெல்லாம் அவரிடம்தான் கேட்பார்.