ராஸ்ஃப் விண்டோ: மஞ்சள், எள் அனுப்புகிறவர்கள் பார்க்க வேண்டிய தளம்

ஈரோடு, சிவகிரி பக்கமிருந்து ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புகிறவரா நீங்க? அப்படியென்றால் ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிக்கொண்டிருக்காமல் இந்தத் தளத்தைத் திறந்து பாருங்க. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு எச்சரிக்கைப் பதிவேடு, காசு கிடையாது. பொருள், நாடு, தேதி போட்டுத் தேடினால் யார் எல்லையில் என்ன பிடித்தார்கள், சரக்கை என்ன செய்தார்கள் என்று வந்துவிடும்.

2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற கிருமி கொல்லும் வாயு இருக்கிறதென்று பெல்ஜியம் பதிவு போட, மற்ற நாடுகளும் வரிசையாகக் கடைகளிலிருந்து பொருட்களைத் திரும்ப எடுத்தன, அப்புறம் எள் இங்கிருந்து கிளம்பும்போதே பரிசோதனைச் சான்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு நாட்டில் மாட்டினால் எல்லா நாட்டிலும் மாட்டியது மாதிரிதான்.

நாடுகள் ஒன்றுக்கொன்று எச்சரிக்கை சொல்லும் இந்த ஏற்பாடு 1979லிருந்தே இருக்கிறது. மாட்டுப் பைத்திய நோய், தீவனத்தில் டையாக்சின் என்ற நச்சு கலந்த 1999 விவகாரம் எல்லாம் பார்த்த பிறகு, 2002இல் வந்த பொது உணவுச் சட்டம்தான் இதற்கு இப்போதைய அடித்தளம். இத்தாலியின் பார்மாவில் இருக்கும் எஃப்சா (ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தடை போடுவதாக நம்மாட்கள் பேசுகிறார்கள், அது அறிவியல் கருத்து மட்டும்தான் சொல்லும். சோதனை செய்வது அந்தந்த நாட்டு அதிகாரிகள்.

குறை ஒன்று: கம்பெனிப் பெயர் காட்ட மாட்டார்கள். யாரோ ஒருத்தர் செய்த கோளாறுக்கு ‘இந்தியா’ என்று மொத்தமாக விழுகிறது, அது கொஞ்சம் எரிச்சல்தானுங்க. ஐந்துக்கு நாலு.